பென்சில் குறிப்பு

விண்ணப்பப் படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இல்லை.
நாங்களே பெருமையாக எடுத்துவிட்டது அது.
எடுத்த இடத்துக்கு நேரே, ஓரத்தில்,
பென்சிலால் எழுதிக்கொள்வோம்.

அயனாவரம் கல்யாண மண்டபத்தில் நேர்காணல்.
மணமகள் அறையில் நாங்கள் மூவர்.
ஏசி எங்களுக்கு மட்டும்.
நிலைக்கண்ணாடியில் எந்தப் பெண்ணோ ஒட்டிவிட்டுப் போன
மெரூன் ஸ்டிக்கர் பொட்டு
நான் குனிந்து எழுதும்போதெல்லாம்
சரியாக என் நெற்றிக்கு வந்தது.

முந்தின இரவு மகள் பேசினாள், அயோவாவிலிருந்து.
அங்கே கட்சிக்குள்ளேயே முதலில் ஒரு தேர்தலாம்.
முழங்கால் பனியில் நடந்துபோய்
பள்ளிக்கூட ஜிம்மில் கூடி நிற்கிறார்களாம்.
பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னாளாம்:
நல்ல மனுஷன்தான், கெட்டிக்காரன்தான்,
அவர் கும்பிடுகிற இடம்தான் வேறு மாதிரி.
நான் போடுவேன்.
மத்தவங்க போடணுமே.

"நிலாவுக்கு ஆள் அனுப்பின நாடுடி அது"
என்று சிரித்தேன்.
சத்தம் கேட்டு மனைவி விளக்கைப் போட்டாள்.

பதினாறாவதாக வந்தார் ஜுலைகா.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.
பத்தொன்பது வருஷம் பூத் ஏஜெண்ட்.
குழாயில் சாக்கடை கலந்து வந்த மாதம்
அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப்போய்
இன்ஜினியர் மேஜைமேல் வைத்து
"ஒரு வாய் குடிங்க சார், போயிடறேன்" என்று
மூன்று மணிவரை அசையாதவர்.
நான் அப்போது கூட இருந்தேன்.
பிறகு மேடையில் நான்தான் அதைச் சொன்னேன்,
பெயரில்லாமல்,
"நம் கட்சிச் சகோதரி ஒருவர்" என்று.

"வார்டுல உங்க ஆளுங்க எத்தனை பேர்?"
கேட்டதும் நான்தான்.

"பதினாலு பூத்தும் சேத்து நம்ம ஆளுங்க
ஆறாயிரத்தி இருநூறு விழும் சார்."

"இல்லம்மா. உங்க ஆளுங்க."

ஏசி ஒருமுறை செருமியது.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"ஆயிரத்தி எண்ணூறு.
அதுல பாதி நமக்குப் போடாது.
நான் நின்னாலும் போடாது,
பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்னு சொல்லும்."

கூட்டிச் சொல்லியிருக்கலாம்.
மற்ற பதினைந்து பேரும் கூட்டித்தான் சொன்னார்கள்.

அவர் போனதும் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"நமக்கு ஒண்ணுமில்லப்பா.
ஜனங்க ஏத்துக்கணுமே."

அந்த ஜனங்களைத் தேடி நான் ஒருமுறை போயிருக்கிறேன்.
இஸ்திரி வண்டி சௌந்தர் சொன்னான்,
எனக்கு என்னா சார், எதுத்த வீட்டுலதான் யோசிப்பாங்க.
எதிர்வீட்டு வங்கிக்காரர்,
நாங்க படிச்சவங்க, அந்தக் கோடி வீடுதான் கொஞ்சம்.
கோடி வீட்டம்மா பதறிப்போனார்.
என் பையனோட ஃப்ரெண்டே பாய்தான் சார்,
பின்தெருவுலதான் ஒத்துக்க மாட்டாங்க.
பின்தெரு ஓட்டேரி நல்லாவில் போய் முடிகிறது.
கறுப்புத் தண்ணீர்,
சுழலும் ஒரு தெர்மகோல் பெட்டி,
அதன்மேல் ஒரு கொக்கு.

வெற்றி வாய்ப்பு என்ற கட்டத்தில்
'குறைவு' என்று எழுதினேன்,
பேனாவால்.

சீட்டு தணிகைவேலுக்கு.
கட்சிக்கு வந்து இரண்டு வருஷம்,
சொந்தமாக நாலு டாடா ஏஸ்.

வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு
என் வீட்டு அழைப்பு மணி அடித்தது.
வெயிலில் கறுத்து, பையில் துண்டுப் பிரசுரங்களோடு
ஜுலைகா.
கூட இரண்டு பையன்கள்.
வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்து
எங்கள் இரண்டு பெயருக்கும் டிக் போட்டார்.
"தணிகைவேல் சாருக்குத்தான், மறந்துடாதீங்க" என்று
என்னிடமே சொல்லிவிட்டுச் சிரித்தார்.
மனைவி கொடுத்த தண்ணீரை
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக்
குடித்தார். அது அவர் பழக்கம்.

ஸ்கேல் ஒரு வரி இறங்கியது.
"அடுத்த வீடு எப்படி சார்?"

பூட்டியிருக்கு என்றேன்.

அடுத்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது,
குக்கர் மூன்றாவது விசில் விட்டது.