அகப்பைக் கை

இஷ்பெல் காரியின் இடது மணிக்கட்டுக்குள்
ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன.
எக்ஸ்-ரே படத்தைப் பணப்பையில் வைத்திருக்கிறாள்,
மற்றவர்கள் நாய்க்குட்டிப் படம் வைத்திருப்பதுபோல.

ஜனவரி. பள்ளிச் சமையலறைப் பின்வாசல். உறைபனி.
கையில் உருளைக்கிழங்குத் தோல் வாளி.
வழுக்கியபோது வாளியை விடவில்லை.
அதுதான் வினை.

அதற்கு முன் பதினோரு வருடம்
புதன்தோறும் அவளை நான் ஜெயித்தேன்.
நன்றாக ஆடினேன் என்று அர்த்தமில்லை.
இருவருக்கும் ஒரே நோய்:
பந்தைக் கண்டால் இரக்கம்.
பாவம், தரையில் கிடக்கிறதே,
கொஞ்சம் தூக்கிவிடுவோம் என்று
அடிபடும் கணத்தில் மணிக்கட்டு மலர்ந்துவிடும்.
அவள் பிறவி இடக்கைக்காரி.
கோல்ஃபில் மட்டும் வலக்கை,
பழைய சாமான் கடையில் கிடைத்த செட் அப்படி.
இருநூறு பிள்ளைகளுக்குப் பருப்பு சூப் மொண்டு மொண்டு
அந்தக் கைக்கு அது அகப்பைப் பழக்கம்.
எனக்கு அந்தச் சாக்கும் இல்லை,
நான் தபால் பிரிப்பவன்.

கோலின் தலை கையை முந்தும்.
முதலில் புல்லைத் தின்னும், பிறகு பந்தை நக்கும்.
இல்லையேல் பந்தின் உச்சந்தலையில் விளிம்பு பட்டு
அது முயலாய் ஓடி ஓடையில் விழும்.
என்னைவிட அவளுக்கு இரக்கம் கூடுதல்,
அவ்வளவுதான் என் வெற்றி.

இனி பின்னால் மடங்காது என்று
எல்கின் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.
ஆகஸ்டில் வந்தாள். நாலாம் குழி,
நூற்று முப்பது கஜம், நடுவே ஓடை,
கடலிலிருந்து எதிர்காற்று.
ஏழாம் எண் இரும்பை எடுத்தாள்.
தொப்பியைப் பிடித்துக்கொண்டு
நான் அவளையும் இரக்கத்தோடுதான் பார்த்தேன்.

சத்தமே வேறு.
கதவின் தாழ் சரியாக விழுந்த சத்தம்.
முதலில் பந்து. அப்புறம்தான் மண்.
பந்து இருந்த இடத்துக்கு ஒரு விரல் முன்னால்
ரொட்டித் துண்டளவு புல் பெயர்ந்து பறந்தது.
கைகள் முன்னே போயிருந்தன,
வர மறுத்த நாயாய்க் கோல் பின்னே இழுபட்டு வந்தது.
இடது புறங்கை இலக்கைப் பார்த்துத் தட்டையாக, மேசைபோல.
மலர நினைத்திருக்கும்.
தகடு விடவில்லை.

காற்றுக்கு அடியில் தாழ்ந்து போன பந்து
தானாக எழுந்தது.
இரும்பின் முகத்தில் அந்தச் சாய்வு முதலிலிருந்தே இருக்கிறது.
தூக்கிவிடும் வேலையை எவனோ ஒரு கொல்லன்
எப்போதோ முடித்துவைத்திருந்தான்.
பதினோரு வருடம் அவனை நாங்கள் நம்பவில்லை.

"தவறிப் பட்டுவிட்டது" என்றாள்.
ஐந்தாம் குழியிலும் தவறியது. எட்டிலும்.
பதினொன்றில் பேச்சை நிறுத்தினாள்.
நான் அதற்கு முன்பே.

அந்தக் கணம் எவ்வளவு என்று தேடிப் படித்தேன்.
ஒரு நொடியை ஆயிரமாக்கி, அதில் ஒன்றின் பாதி.
அதற்குள் எதையும் திருத்த முடியாது,
மனம் மாறக்கூட நேரமில்லை.
மணிக்கட்டு முடிவோடுதான் அங்கே வர வேண்டும்.

மர அகப்பை ஒன்றின் காம்பை ஒடித்து
கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில்
புறங்கையோடு சேர்த்துச் செருகினேன்.
முப்பது பந்து. இருபத்து நாலு நேராகப் போயின.
காம்பை உருவினேன்.
அடுத்த பந்திலேயே இரக்கம் திரும்பிவிட்டது.

பள்ளியில் அவளைக் கல்லாவுக்கு மாற்றிவிட்டார்கள்.
சூப் தளும்புகிறதாம், பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.
சட்டியில் இருக்கிறது, டக்கி,
அகப்பையில்தான் வர மாட்டேன் என்கிறது என்றாள்,
பதினெட்டாவதில் கொடிக்கம்பைத் திரும்ப நட்டபடி.
ஏழு இரும்பைக் கொடுத்துவிட்டு
பழைய கையை வாங்கிக்கொள்வாயா என்று கேட்டேன்.
கடலைப் பார்த்தாள். மழை வருகிறது என்றாள்.
வந்தது.

தோற்றவன் இரண்டு பவுண்டு தர வேண்டும்.
வேண்டுமென்றே இடக்கையைத்தான் நீட்டுகிறாள்.
அது முழுதாக விரியாது, பாதி திறந்த அலமாரிபோல நிற்கும்.
நாணயத்தை உள்ளே வைக்க
நான் குனிந்து மணிக்கட்டை நன்றாக மடக்க வேண்டியிருக்கிறது.
அது எனக்கு வரும்.