பன்னிரண்டில் ஏழு

சித்திரை வெயிலில் பாளை மார்க்கெட் வாசலில்
நிறுத்திய வண்டியில் மறுபடி உட்காருவது
ஒரு தீர்மானம்.
முதலில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார்கள்,
பிறகு பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீர்,
பிறகு "சவத்த" என்று ஒரு சொல்,
அப்புறம் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும்
சமாதானபுரம் வரை.

இதைப் பார்த்துத்தான் தைத்தோம்
நானும் ஜெபசெல்வியும்.
மேலே வெள்ளை ரெக்சின், நடுவில்
பத்தமடையில் வெட்டிப் போட்ட கோரை நறுக்கு,
அடியில் வலைத்துணி, காற்று போக.
ஒன்றுக்கு நூற்றி எண்பத்து நாலு ரூபாய்,
எங்கள் கூலி சேர்க்காமல்.

எல்லோரிடமும் கேட்டோம்.
எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள்.
எங்கள் ஊரில் நல்லாருக்கு என்பது
கல்யாண வீட்டு ரசத்துக்கும் சொல்வது.
"அப்ப நூறு ரூவா அட்வான்ஸ் தாங்க" என்றதும்
பெரியப்பா மகன் போனை எடுத்துக் காதில் வைத்தான்.
அது அடிக்கவே இல்லை.
நாற்பத்தோரு பேரில் கொடுத்தது ஒருத்தி.
அவளிடம் வண்டி கிடையாது.
"ஒம் மொகத்துக்குத்தாம்ட்டி முப்பிடாதி" என்றாள்.
அந்த நூறைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு படிவம்.
வங்கியில் இன்னொரு படிவம்.
சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி
மின்விசிறிக்கு நேர் கீழே இருந்துகொண்டு கேட்டார்:
"இதுக்குத் தேவை இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"
சன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.
வெயில் நின்றுகொண்டிருந்தது
ஜாமீன் போட வந்த ஆள் மாதிரி.
"அது இல்லம்மா. தாள்ல."

தாளுக்காகத்தான் அந்த வேலையைச் செய்தோம்.
ஜங்ஷன் ஸ்டேஷன் ஸ்டாண்டில்
பூதத்தான் அண்ணாச்சிக்கு டீயும் முறுக்கும் வாங்கிக்கொடுத்து
பன்னிரண்டு வண்டிகளில் பன்னிரண்டு உறை.
ஒவ்வொன்றிலும் என் எண் எழுதிய அட்டை:
ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்,
வேண்டாமென்றால் ஸ்டாண்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்
திரும்பி வந்தது நாலு. ஒன்றில் காக்கை எச்சம்.
கூப்பிட்டது ஒருவர், வீரவநல்லூர்,
ஸ்கூட்டிக்குப் பொருந்தவில்லை என்று திட்ட.
மீதி ஏழும்
போனது போனதுதான்.

ஜெபசெல்வி அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள்.
தையல் மிஷினுக்காக அவள் செயின் அடகில் இருந்தது.
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
நல்லாருக்கு என்றவர் எவரும்
பைக்குள் கைவிடவில்லை.
இந்த ஏழு பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல்
எடுத்துக்கொண்டார்கள்.
"ஏட்டி, இது களவுட்டி."
களவுதான்.
வேண்டாத பொருளை எவன் களவாங்குவான்?

வங்கியில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்:
பன்னிரண்டில் ஏழு.
அதிகாரி அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு
நெடுநேரம் அதையே பார்த்தார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
"மேலே அனுப்புறேன்" என்றார்.

நேற்று தச்சநல்லூர் கேட்டில்
ரயிலுக்குக் காத்து நிற்கையில்
முன்னால் ஒரு பழைய ஸ்பிளெண்டர்.
வெள்ளை உறை. ஓரத்தில்
ஜெபசெல்வியின் கோணல் தையல், எனக்குத் தெரியாதா.
பால்கேன் கட்டிய மனிதர்.
பிடரியெல்லாம் வியர்வை,
உட்கார்ந்திருந்த விதத்தில் மட்டும் ஒரு நிம்மதி.

"அண்ணாச்சி, சூடு தெரியுதா?"
"தெரியலம்மா."
"எங்க வாங்குனீங்க?"
கேட்டைப் பார்த்தார். ரயில் வரவில்லை.
"ஒருத்தர் தந்தாரு."
"காசு குடுத்து வாங்குறதா இருந்தா
எவ்வளவு குடுப்பீங்க?"

இதற்குப் பொய் சொல்லத் தேவையில்லை அவருக்கு.
உண்மையாகவே யோசித்தார்.
"நூத்தம்பது.
அதுக்கு மேலன்னா கோணிச்சாக்கே போதும்."

கேட் திறந்தது. பால்கேன் குலுங்கிக்கொண்டு போயிற்று.
முப்பத்து நாலு ரூபாயை எதில் பிடிப்பது என்று
கோரையை, நூலை, வலைத்துணியை,
சேர்க்கவே இல்லாத கூலியை
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு நின்றேன்,
பின்னால் பஸ்காரன்
ஹாரனில் கையை வைத்து எடுக்காதவரை.