நாற்பத்தொரு ரோச்

கூட்டக் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது:
துவாய் ஒன்று, பற்தூரிகை ஒன்று,
நிறம் தீட்டும் கொப்பி,
பஞ்சுப் பொம்மை, கிடைத்தால்.
ரோச் லைற், விவாதத்துக்குப் பின்.

விவாதம் என்றால் கஜீபனும் நானும்.
"எண்பத்தைந்து ரூபாய்க்கு
ரெண்டு பிஸ்கற் பெட்டி வரும்" என்றான்.
பொருளாளர் நான். கணக்குக் கொப்பியை மூடி
"ரோச் இல்லாட்டி கையெழுத்தும் இல்லை" என்றேன்.

எட்டு வயதில் ஒரு குழிக்குள் இருந்து
மெழுகுதிரி கேட்டு அழுத வாயை
அம்மா எப்படிப் பொத்தினா என்பதை
கூட்டக் குறிப்பில் எழுத முடியாது.

பரந்தன் சந்தியில் நான்கு ஞாயிறு
மோட்டார் சைக்கிள் கழுவிய காசு.
எங்களில் மூத்தவனுக்குப் பத்தொன்பது.
தையல்கடை அக்கா மிச்சச் சீருடைத் துணியில்
பைகளைத் தைத்துத் தந்தா,
பொத்தான் காசு மட்டும் வாங்கிக்கொண்டு.

குளத்தின் கதவுகள் திறந்த மூன்றாம் நாள்
உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி
பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.
பட்டியலில் நாற்பது பிள்ளைகள்.
வாங்குகளை அடுக்கி
குடும்பம் குடும்பமாய்ப் பிரித்திருந்தார்கள்.
கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கு
பாதியில் நின்றிருந்தது.

ஒருத்தி பொம்மையைத் திருப்பித் தந்தாள்:
"இது நனைஞ்சால் காயாது."
ஒருவன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு
சாமான்களை எங்களிடமே விட்டுப் போனான்,
கோழிக்குஞ்சுக்கு இடம் வேண்டுமாம்.
"படம் எடுக்கேல்லையோ?" என்றார் ஓர் ஐயா.
இல்லை என்றாள் தர்மிகா.
"பிறகு ஆர் நம்பப் போகினம்?"
உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஏழரைக்கு ஜெனரேற்றர் நின்றது.
இருட்டில் சின்னதாய் ஒரு டிக்.
இன்னொன்று.
பிறகு எல்லாம்.
கூரைத் தகரம் முழுக்க
வெளிச்ச வட்டங்கள் முட்டி விலகின.
யாரோ விரல்களால் நாய் செய்தார்கள்,
யாரோ அதற்குக் கொம்பு வைத்தார்கள்.

"அணை! அணையுங்கோ! மேலை அடிக்காதேங்கோ!"

சுவரோரம் ஒரு பெண்.
முப்பத்தைந்து இருக்கும்.
ஒரு கை தன் மகனின் தலையை
நிலத்தோடு அழுத்தியிருந்தது.

வளர்ந்தவர்கள் அத்தனை பேரும்
ஒரே நேரத்தில் வானத்துக்குக் காது கொடுத்தார்கள்.
நானும் கொடுத்தேன்.
மழைதான்.
தவளைகள்.

"ஏனம்மா?" என்றான் அந்தப் பையன்,
கன்னத்தில் சீமெந்துத் தூளோடு.

அவள் கையை எடுத்தாள்.
அவன் சட்டையைத் தட்டிவிட்டாள்.
ரோச்சை வாங்கி, அதன் முகத்தை
உள்ளங்கையால் மூடி வைத்திருந்தாள் கொஞ்ச நேரம்;
விரலிடுக்கெல்லாம் சிவப்பாய்த் தெரிந்தது.
பிறகு வாங்குக்குக் கீழே அடித்து
மற்றச் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

நாய் திரும்பவும் கூரைக்கு வந்தது.
இந்த முறை கொம்போடேயே.

வாங்கிய ரோச் நாற்பத்தொன்று.
கொடுத்தது நாற்பது.
ஒன்று பழுது என்று
கணக்குக் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

பழுதில்லை.