ஐம்பத்து மூன்று கிலோ

பத்திரிகையில் அவளுடைய பெயர் பிழையாக வந்தது.
தர்ஷிகா என்று போட்டிருந்தார்கள்.
அவள் தக்சாயினி.
படத்தில் அவளுக்குக் கீழே
கவிழ்ந்து கிடக்கிற முதுகு என்னுடையது.
அதற்குப் பெயரே போடவில்லை.

ஓந்தாச்சிமடத்தில் எங்களுக்கு மெத்தை கிடையாது.
ஆலையில் உமி வாங்கி யூரியாப் பைகளில் அடைத்து
மேலே சுனாமிக் காலத்துத் தார்ப்பாயை
இழுத்துக் கட்டினோம்.
ஏதோ நிறுவனத்தின் சின்னம்
அதன் நடுவில் நீலமாக இருந்தது.
அந்த நீலத்தின் மேல்
எத்தனை தரம் என்னை விழுத்தியிருப்பாள்.
பைகள் வெடிக்கும்.
வீட்டுக்குப் போய்த் தலையை உதறினால் உமி.
"நெல்லுக் குத்தவா போன நீ?"
ஓம் என்பேன்.

பயிற்றுநர் இல்லை. ஒரு கைபேசி இருந்தது.
நூறு ரூபாய் டேட்டா தீரும்வரை
ஜப்பான் புள்ளைகள்
ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போடுவார்கள்.
தீர்ந்த இடத்தில் படம் நின்றுவிடும்,
ஒருத்தி அந்தரத்தில்.
அவள் எப்படி விழுந்தாள் என்பதை
நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்,
என் முதுகை வைத்து.

இருவரும் ஒரே எடை. அதுதான் சிக்கல்.
ஓர் எடைக்கு மாவட்டத்தில் ஒருத்திதான் போகலாம்.

இஸ்ஸதீன் நானாவின் நெல்லுக் கடைத் தராசில்
மூட்டைக்குப் பதிலாக ஏறி நிற்போம்.
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிறுப்பார்.
நானூறு கிராம் கூட என்றால்
பொலித்தீன் பையில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு
உச்சி வெயிலில் பாலத்தில் ஓடுவாள்.
ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் வாவி.
வாய் கொப்பளிக்கவும் தண்ணீர் தொடமாட்டாள்.
துப்பித் துப்பி எச்சிலையும் குறைப்பாள்.
பக்கத்தில் நான் சைக்கிளில் போவேன்
இளநீர் குடித்துக்கொண்டு.
அப்படி ஒரு சினேகிதி.

ஒரே ஒரு தரம்
மழை விடாத ஒரு மார்கழியில்
வெபர் உள்ளரங்கில் நான் வென்றேன்.
அவளுடைய வலது கால் கொஞ்சம் பிந்தும்.
அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்குத் தெரியாது,
அன்று வரைக்கும்.
அடுத்த மாதம் அந்தக் கால் பிந்தவில்லை.
அதற்குப் பிறகு எப்போதும் பிந்தவில்லை.
அதைத் திருத்தியவள் நான் என்று
எந்தப் பேட்டியிலும் அவள் சொன்னதில்லை.
நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுகா கொழும்பு.
மறுகா விமானம், கோட், கொடி,
கழுத்தில் ஒரு வெண்கலம்.
தேசிய இறுதிச் சுற்றில் ஓர் இராணுவ அணிப் பெண்.
இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால்
ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆறு நிமிடமும்.
தோற்ற அந்தப் பெண்
தன்னுடைய ஐஸ் பையை
இவளுடைய காதில் வைத்து ஏதோ சொன்னாளாம்.
"என்ன சொன்னா?"
"சிங்களம். எனக்கு ஐஸ் மட்டும்தான் விளங்கின."

அந்தக் காது பிறகு
கருகிய பணியாரம்போலச் சுருண்டுவிட்டது.
தோடு ஏறாது.
பெண் பார்க்க வந்தவர்கள்
தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்தார்கள்.
அவளும் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாளாம்,
நல்லாப் பாருங்க என்று.

முழங்கால் போனது இருபத்தெட்டு வயதில்.
சத்தமே வரவில்லை என்றாள்.
சைக்கிள் செயின் கழன்றதுபோல
மிதிக்க மிதிக்க ஒன்றும் ஓடவில்லையாம்.
இப்போது நூலகத்தில்
புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறாள்.
ஒரே குத்தில் மேசை ஆடுமாம்.

போன கிழமை களுவாஞ்சிகுடிச் சந்தையில் கண்டேன்.
கையில் கீரிமீன் பை.
"என்னகா, எப்படி?" என்று கையை நீட்டினாள்.
என் கை போய்
அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.
நான் சொல்லிப் போகவில்லை அது.
அவளுடைய மற்றக் கை என் பிடரியில்.
நெற்றி நெற்றியில் முட்டியது.
மீன் பை விழுந்தது.
"விலக்கி விடுங்ககா, விலக்கி விடுங்க"
என்று மீன்காரி கத்த, சனம் கூடியது.

அவளுடைய வலது கால்
பிந்தி நின்றது.
பார்த்தேன்.
நான் பார்த்ததை
அவளும் பார்த்தாள்.