சைபரா, ஓ-வா

வேலம்பாளையத்தில் இடி விழுந்த ராத்திரி
மதர்போர்டு போச்சு.
புதுசு மாட்டியாயிற்று.
அதே ஹார்டு டிஸ்க்,
எழுத்துத் தேய்ந்த அதே கீபோர்டு.
எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர் மட்டும்
இது வேறு கம்ப்யூட்டர் என்கிறது.

சென்னியப்பன் போய்ப் பதினொரு வருஷம்.
கரண்ட் பில் இன்னும் அவர் பேரில்தான்,
ஈ.பி.யில் ஒருத்தரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமைக் கப்பலுக்கு நாலாயிரம் மயில்.
பன்னிரண்டு ஊசியும் நூல் கோத்து நிற்க
போனில் சாவியை வாசிக்கிறேன்,
இருபத்தைந்து எழுத்து.

"இது ஏற்கெனவே ஒரு மெஷின்ல இருக்கே, மேடம்?"
"அது செத்துப்போச்சுங்க."
"அதுல எடுத்துட்டுத்தானே இதுல போடணும்?"

சொல்லிக்கொண்டா சாகிறது?

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம்.
"ஏழாவது சைபரா, ஓ-வா?"

அட்டையில் அவர் கையெழுத்து.
ரெண்டையும் ஒரே மாதிரிதான் போடுவார்.