எழுபத்தைந்து சென்டிமீட்டர்

செப்டம்பர், ஷியான்.
பாடப்புத்தகம் இன்னும் வரவில்லை,
உடுப்பு வந்துவிட்டது.
மூவாயிரம் பேருக்கும் ஒரே பச்சை,
இரண்டே அளவு:
எனக்குப் பெரியது, ஷி மானினுக்குச் சிறியது.

காலணிக்குள் நாப்கினை ஒட்டிக்கொள்ளச் சொல்லி
மாடிப்படியில் ஒரு சீனியர்
ரகசியம் போலக் கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.
தேசத்துக்காக நான் சிந்திய வியர்வையை
முதலில் குடித்தது அதுதான்.

பயிற்சியாளன் பெயர் கோ யோங்ஷான்.
தொப்பியைக் கழற்றினால் எங்கள் வயதுதான் இருக்கும்.
கழற்றவே இல்லை.

போர்வையை மடி என்றான். மடித்தோம்.
இது போர்வையா பிணமா என்றான்.
டோஃபுக் கட்டி போல நாலு மூலையும்
நிமிர்ந்து நிற்க வேண்டுமாம்.
தண்ணீர் தெளித்து, ஸ்கேலால் தட்டி
ஒருவழியாய் நிறுத்தினாள் துவான் லிங்.
பிறகு அதைக் கலைக்க மனம் வராமல்
பதினான்கு இரவும்
ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

அசையாதே.
மூக்கு அரித்தால் அனுமதி கேள்.
அனுமதி கிடைப்பதற்குள்
அரிப்பு காதுக்குப் போயிருக்கும்.
அதற்குத் தனி அனுமதி.

ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தி
விசில் வரும்வரை காத்திருந்தோம்.
கொக்குக்காவது மீன் உண்டு.

ஒரு காலடி எழுபத்தைந்து சென்டிமீட்டர்,
குட்டைக்கும் அதே, நெட்டைக்கும் அதே.
சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே
எங்கள் கால்களைத் திருத்திக்கொண்டே போனான்
எழுத்துப்பிழை திருத்துகிறவன் மாதிரி.

ஓய்வு வேளையில் மானின் கேட்டுவிட்டாள்:
போர் வந்தால் இந்தப் போர்வை மடிப்பு
என்ன செய்யும்?
தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திருகினான், திருகினான்.
எனக்கும் சொல்லவில்லை, என்றான்.

அவன் தேர்வெழுதி
பதினோரு மதிப்பெண்ணில் தவறியவன் என்றாள் துவான் லிங்.
அவளுக்கு யார் சொன்னார்களோ.

என்னிடம் ஒரே ஒருமுறை பேசினான்.
என்ன படிக்கப்போகிறாய்?
நில அளவை.
அளப்பதற்குப் பட்டமா? என்று சிரித்தவன்
கொடிக்கம்பத்தைக் காட்டினான்.
இங்கிருந்து நூலகத்துக்கு
நானூற்றுப் பன்னிரண்டு காலடி.
அளந்தீர்களா?
நடந்தேன்.
அதற்குள் விசில் ஊதிவிட்டது.

கடைசி நாள் அணிவகுப்பில்
எங்களுக்குக் கடைசிக்கு முந்தைய இடம்.
லாரி கிளம்பியபோது
பாதிப் பேர் அழுதார்கள். நான் அழவில்லை,
தொப்பிவார் கன்னத்தில் விட்டுப்போன
வெள்ளைக் கோட்டின் மேல்
எனக்குக் கோபம் இருந்தது.

அக்டோபரில் முதல் செய்முறை வகுப்பு.
கருவிகள் இன்னும் பெட்டிக்குள்.
மைதானத்தின் நீளத்தைக்
கண்ணால் மதிப்பிடுங்கள் என்றார் பேராசிரியர் டு.
கண்ணுக்குத் தெரியவில்லை, காலுக்குத் தெரிந்தது.
நடந்து, பெருக்கி, சொன்னேன்.
அவர் நாடாவை விரித்துப் பார்த்தார்.
ஒரு கை அகலம்தான் வித்தியாசம்.

அன்று மாலை கொடிக்கம்பத்தடியில் நின்று
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
சைக்கிள் நிறுத்தம். ஜிங்கோ மரங்கள்.
முத்தமிட்டுக்கொண்டிருந்த இருவரைச் சுற்றிப் போகாமல்
நேராக நடந்தேன். விலகினார்கள்.
கால் தொண்ணூறில் சுருங்கி
நூற்று நாற்பதில் தேறியது.

முந்நூற்றுத் தொண்ணூறில் படிக்கட்டுக்கு முன்னால் நின்றிருந்தேன்.
கணக்கு இங்கே முடிந்திருக்க வேண்டும்.
நூலகம் என்றால் வாசல்தானே
வெளியாளுக்கு?

படியேறினேன், படிக்கொரு எண்ணாக.
நானூற்று ஐந்தில் கண்ணாடிக் கதவு
தானே திறந்துகொண்டது.
நானூற்றெட்டில் கால்மிதி.
உள்ளே புதுக் காகித வாசனை,
விளக்கடியில் குனிந்த தலைகள்.
நானூற்றுப் பதினொன்று.

பன்னிரண்டாவதில்
மாணவர் அட்டை கேட்கும் கம்பித் தடை
வயிற்றில் இடித்தது.

அட்டை என் பையில்தான் இருந்தது.
அசையாமல் நின்றேன்.

பின்னால் யாரோ பொறுமையிழந்து கேட்டார்கள்,
போகிறாயா, இல்லையா?