எறும்புக் கணக்கு

முதல் ஊசிக்கு
"எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்றேன்.
சட்டைக் கையைப் பிடித்தபடி அவள் கேட்டாள்:
"எந்த எறும்பு?"

பேர்ன் நகரில் பிறந்த பிள்ளை. மிதுசா. எட்டு வயது.
அவளை இதுவரை எறும்பு கடித்ததாக
எனக்கு நினைவில்லை.
இந்த நான்காம் மாடியிலோ
காற்றையும் வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள்.
எறும்புக்கு இங்கே என்ன வேலை?

பொய் சொன்னேன் என்று அப்போது தெரியாது.
நம் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதானே.
சொல்லி முடிக்குமுன்
குத்தி முடித்துவிடுவார்கள்.

மூன்றாம் கிழமை
ஃப்ராவ் லூகின்பூல் துணிப் பொம்மையோடு வந்தார்.
மருந்து கொடுக்கிறவர் இல்லை;
கூட இருந்து விளையாடுகிறவர், அதற்கென்றே படித்தவர்.
பொம்மைக்கு முடி இல்லை, முகமும் இல்லை.
நெஞ்சில் பொத்தான் அளவில் ஒரு போர்ட்,
இவளுக்கு வைத்த இடத்திலேயே.
"இன்றைக்கு டொக்டர் நீதான்" என்றார் ஜெர்மனில்.

மிதுசா கையுறை போட்டாள்.
முனையில் ஊசியில்லாத குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்
காற்றை வெளியேற்றினாள்.
பிறகு பொம்மையின் காதில், தமிழில்:

"நோகும்.
எறும்பு எண்டு அப்பா சொல்லுவார், நம்பாத.
பத்து எண்ணும் வரைக்கும் நோகும்.
கத்தலாம். கையை மட்டும் ஆட்டாத."

அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
ஃப்ராவ் லூகின்பூல் என் முகத்தைப் பார்த்தார்,
அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.
கீழே ட்ராம் வளைவில் கீச்சிட்டுத் திரும்பியது.
பதினாறு வருஷம் உணவகச் சமையலறையில் நிற்கிறேன்,
கண் கலங்கினால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுப் பழக்கம்.
அங்கே வெங்காயம் இல்லை.

அடுத்த நாள் ஓர் அட்டை வந்தது, ஆறு முகங்களோடு,
சிரிப்பில் தொடங்கி அழுகை வரை.
எவ்வளவு நோகுது, விரலால் தொட்டுக் காட்டு.
அவள் தொடவில்லை.
"இதில ஒண்டும் என்ர முகம் இல்ல."

அன்றிரவு பத்தரை மணி,
ஸ்டெரொய்ட் கிளப்பிய பசியில்
மூன்றாவது கிண்ணம் பருப்புச்சோறு.
"அப்பா, எத்தினை வகை எறும்பு இருக்கு?"

தெரிந்ததைச் சொன்னேன். அவள் எழுதினாள்,
பாதி தமிழ், பாதி ஜெர்மன், மீதி படம்:

சித்தெறும்பு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறது.
செவ்வெறும்பு, போர்ட்டுக்குள் போகிற ஊசி, களிம்பு பூசினாலும்தான்.
கட்டெறும்பு, தொடையில் போடுறது.
பிளாஸ்டர் உரிக்கிறதும் கட்டெறும்பு, அதில் விவாதமே இல்லை.
முசுறு, வாய்ப்புண். தனியா வராது.
கன்னத்துக்குள்ள கூடு கட்டும். தண்ணியும் சுடும்.

தாளைத் தலைமாட்டில் ஒட்டினோம்.
வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் ரெகுலா
கதவிடுக்கில் தலையை நீட்டி,
தடுக்கித் தடுக்கி: "மு...சுறு? கட்...டெ...ரும்பு?"
"ரு இல்ல, று!"
புண் வாயோடு மிதுசா சிரித்தாள்,
சிரித்ததில் நொந்து
அதற்கும் ஓர் எறும்பைத் தொட்டுக் காட்டினாள்.

இப்போது நான் சொல்வது:
"செவ்வெறும்பு வருது. எண்ணுவம்."
ஏழில் கத்துவாள். சில நாள் மூன்றிலேயே.
ஒருமுறை என் முன்னங்கையைக் கடித்துவிட்டு,
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இது என்ன எறும்பு?"
கட்டெறும்பு என்றேன்.
மெத்தத் திருப்தி அவளுக்கு.

நேற்று விளக்கணைத்த பிறகு,
மருந்து சொட்டுகிற இடைவெளியில்:
"அப்பா, இப்ப ஒண்டும் கடிக்கேல்ல.
ஆனா கடிக்கப் போற மாதிரி ஊருது.
அதுக்கு என்ன பேர்?"

தெரியாது என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, எனக்கும் ஊருது என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைக் கவனமாக ஒதுக்கி
சுவர்ப் பக்கம் நகர்ந்து
கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

காலையில் தாளின் அடியில் புதிதாய்
ஆறு கால்கள் இருந்தன.
உடம்பு இன்னும் வரையவில்லை.